பின்னேரம் என்றால் எத்தனை மணி?

பம்பு திருத்துகிறவன் பின்னேரம் வாறேன் என்று சொல்லி இன்றைக்கு மூன்றாவது நாள். கூரைக்கு மேலே தண்ணீர்த் தாங்கி வெறுமையாகக் கிடக்கிறது. முதல் நாள் மூன்று மணிக்கே படலையைத் திறந்து வைத்துவிட்டுக் கதிரையைப் போட்டுக்கொண்டு இருந்தேன். பொழுதுபட்டு மஃரிபுக்குப் பாங்கு சொல்லும்வரை ஒரு காக்காகூட வரவில்லை. அடுத்த நாள் போன் எடுத்தால், "நான் பின்னேரம் வந்தேனே தாத்தா, படல பூட்டிக் கிடந்திச்சே" என்கிறான், அக்காவைத் தாத்தா என்கிற எங்கள் வழக்கப்படி. எத்தனை மணிக்கு வந்தாய் தம்பி என்று கேட்டேன். ஒன்றேகாலுக்காம். ஒன்றேகால் பின்னேரமா? சோறு தின்ற கை காயாத நேரம் அது!

என் வயதுக்காரர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். முழங்காலுக்கு எண்ணெய் பூசிக்கொண்டு, மூக்கில் இருக்கிற கண்ணாடியை வீடு முழுக்கத் தேடுகிற உங்களுக்காக. இந்தச் சொல்லால் நீங்களும் எத்தனை தரம் காத்துக் கிடந்திருப்பீர்கள் என்று எனக்குத் தெரியும். ஆனால் எனக்கு அது செய்த வேலையை வேறு யாருக்கும் செய்திருக்காது. எனக்கு அப்போது பதினொரு வயது.

எங்கள் வீடு கண்டக்குழிப் பக்கம், புத்தளத்துக்குப் போகிற பெருந்தெருவை ஒட்டியே இருந்தது. வாப்பாவுக்கு வெங்காயமும் மிளகாயும் போடுகிற தோட்டம். வீட்டில் மணிக்கூடு ஒன்று இருந்தது, அது ஓடாது. ஓட வேண்டிய தேவையும் இருக்கவில்லை. எங்களுக்குப் பள்ளிவாசல்தான் மணிக்கூடு. விடியச் சுபஹுக்கு எழும்புவோம். நடுப்பகல் தொழுகை லுஹர், அது முடிய சாப்பாடு. மூன்றரை போல வருகிற அசருக்குப் பிறகு வாப்பா இரண்டாம் தரம் தண்ணீர் இறைப்பார். மஃரிபுக்கு முன்னால் கோழியும் பிள்ளைகளும் வீட்டுக்குள் வந்துவிட வேண்டும். அசருக்கும் மஃரிபுக்கும் நடுவே இருக்கிற அந்தத் துண்டு நேரத்துக்குத்தான் எங்கள் வீட்டில் பின்னேரம் என்று பேர். அதற்கு முதல் இருப்பது பகல். வெய்யில். யாராவது அதைப் பின்னேரம் என்பார்கள் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றியதில்லை.

அந்த வருசம் தென்மேற்கிலிருந்து வருகிற சோளகக் காற்று கடுமையாக அடித்தது. மண் பறந்து வந்து சோற்றுக் கோப்பையில் விழும். உம்மா உடுப்பைக் கொடியில் போட்டால் வேலிக்கு அப்பால் போய்த்தான் எடுக்க வேண்டும். அந்தக் காற்றோடுதான் எங்கள் பள்ளிக்கூடத்துக்குப் தமிழ் படிப்பிக்கப் புதிதாக ஒரு சேர் வந்தார். வடக்கிலிருந்து வந்தவர். வெள்ளைச் சட்டை, வெள்ளை வேட்டி, காதுக்கு மேலே எப்போதும் ஒரு பென்சில். பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் இருந்த அறையில் தனியாகத் தங்கினார். மீன் சாப்பிட மாட்டார். எங்கள் ஊரில் மீன் சாப்பிடாமல் ஒரு மனிதன் எப்படிச் சீவிக்கிறான் என்று பார்ப்பதற்காகவே சனம் அவர் சமைக்கிற நேரத்தில் அந்தப் பக்கம் போகும்.

புத்தளத்தில் நடக்கப்போகிற பேச்சுப் போட்டிக்கு அவர் என்னைத் தெரிவு செய்தார். ஏன் என்றால் என் குரல் பெரிது. அது வீட்டில் குற்றம். "பொம்புளப் புள்ளட சத்தம் படலயத் தாண்டக் கூடாது" என்று உம்மா தலையில் குட்டுவா. அந்தக் குற்றத்துக்காகவே ஒருவர் என்னை மெச்சியது அதுதான் முதல் தரம்.

தலைப்பு, மாலைப் பொழுது. சேர் இரண்டு பக்கத்துக்கு எழுதித் தந்தார். செங்கதிரோன் மேலைக் கடலில் நீராடுவான். புள்ளினங்கள் கூடு நாடும். மங்கையர் மாடத்தில் விளக்கேற்றுவர். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. மாடம் எங்கள் ஊரில் யாருக்கும் இல்லை. ஆனாலும் வாயில் போட்டு உருட்ட நல்லாக இருந்தது.

ஒரு நாள் கேட்டேன். "சேர், மாலை எண்டா பின்னேரம்தானே?"

"ஓம் பிள்ளை."

"அப்ப பின்னேரம் எண்டு சொன்னா என்ன?"

அவர் பென்சிலைக் காதிலிருந்து எடுத்தார். "பின்னேரம் எண்டுறது கதைக்கிற சொல். மேடையில அதச் சொல்லப்படாது. மாலை, அந்தி, சாயுங்காலம், எத்தினை நல்ல சொல்லுக் கிடக்கு! வாய் தவறியும் பின்னேரம் எண்டு சொல்லிப்போடாத, மாக்ஸ் குறைப்பினம்."

சரி என்று தலையாட்டினேன்.

பள்ளிவாசலில் பாங்கு சொல்கிற மோதினாரின் மகளும் என் வகுப்புத்தான். பள்ளிக்கூடம் விட்டு இரண்டு பேரும் ஒன்றாகத்தான் நடந்து வருவோம். வழி முழுக்க நான் பேசிக்கொண்டே வருவேன், அவள் தாளைப் பிடித்துக்கொண்டு பிழை பார்ப்பாள். அவளுக்குச் சின்னக் குரல். வகுப்பில் அவள் பெயர் கூப்பிட்டு அவள் 'ஓம்' என்றால் பக்கத்தில் இருக்கிற எனக்கே கேட்காது.

வாப்பா சம்மதிப்பாரா என்பதுதான் பெரிய பிரச்சினையாக இருந்தது. சேர் தானே வீட்டுக்கு வந்தார். வாப்பா கதிரையைத் துடைத்துப் போட்டார். உம்மா கதவுச் சேலைக்குப் பின்னால் நின்றா. வாப்பா வெகு நேரம் தரையைப் பார்த்துக்கொண்டு இருந்துவிட்டு, "தனியப் போகேலா சேர். துணைக்கு ஒரு பொம்புளப் புள்ள வேணும்" என்றார். மோதினாரின் மகளைக் கூட்டிப்போகலாம், ஒரு டீச்சரும் வருவார் என்று சேர் சொன்னார். வாப்பா பிறகும் தரையைப் பார்த்தார். "சரி, போகட்டும்" என்றார். அவ்வளவுதான். சந்தோசமாகச் சொன்னாரா, சலிப்போடு சொன்னாரா என்று அவர் முகத்தில் ஒன்றும் இருக்கவில்லை. வாப்பாவின் முகம் எப்போதும் அப்படித்தான். அந்த முகத்தால் வந்த வினையைப் பிறகு சொல்கிறேன்.

வீடு இரண்டு கிழமை தலைகீழாக நின்றது. எனக்குச் சப்பாத்து இல்லை. வாப்பாவின் தம்பி, எங்கள் சாச்சாவின் மகளிடம் ஒரு சோடி கறுப்புச் சப்பாத்து இருந்தது. உம்மா போய் மூன்று தரம் கெஞ்சி இரவல் வாங்கிக்கொண்டு வந்தா. என் காலுக்குப் பெரிது. முன்னால் பஞ்சு அடைத்தோம். வெள்ளைக் கவுனுக்கு நீலம் போட்டு, கஞ்சி போட்டு, காற்றுக்குப் பயந்து வீட்டுக்குள்ளேயே காயவைத்தா.

வெள்ளிக்கிழமை பள்ளிக்கூடம் விடுகிற நேரம் சேர் என்னைக் கூப்பிட்டு ஒரே ஒரு வசனம் சொன்னார். "நாளைக்குப் பின்னேரம் வெளிக்கிட்டு இஞ்ச வந்திடு, வேன் வரும்."

நான் ஓடி வந்து உம்மாவிடம் அப்படியே சொன்னேன். ஒரு எழுத்துக் கூட்டவில்லை, குறைக்கவில்லை. "நாளைக்குப் பின்னேரம் வேன் வருமாம்." உம்மா வாப்பாவிடம் சொன்னா. வாப்பா, "அப்ப அசர் தொழுதிட்டு நானே கொண்டு போய் விடுறேன்" என்றார். எங்கள் மூன்று பேருக்கும் அதில் ஒரு சந்தேகமும் வரவில்லை.

சனிக்கிழமை லுஹர் முடிந்து சாப்பிட்ட பிறகு உம்மா என்னைக் கிணற்றடிக்குக் கூட்டிப்போனா. தலைக்குச் சீயக்காய் தேய்த்தா. கண்ணெல்லாம் எரிய நான் குனிந்து நிற்கிறேன். அந்த நேரம் தெருவில் ஒரு வேன் வந்தது. எங்கள் வீட்டடிக்கு வந்ததும் வேகம் குறைந்தது. ஹோர்ன் அடித்தது. நீளமாக ஒரு தரம், பிறகு குட்டையாக இரண்டு தரம்.

"யாரு உம்மா?"

"தலவில மாதா கோயில் திருநாளுக்குப் போற சனமா இரிக்கும். இந்த மாசம் முழுக்க இவங்கட ஹோர்ன்தானே. நீ தலையக் குனி."

நான் தலையைக் குனிந்தேன். வேன் போய்விட்டது.

இத்தனை வருசமாக எனக்கு ஆத்திரம் வருகிற இடம் இதுதான். கிணற்றடிக்கும் தெருவுக்கும் நடுவே இருந்தது ஒரு கிடுகு வேலி. அதில் நாய் நுழைகிற ஓட்டை வேறு இருந்தது. நான் சீயக்காய்த் தலையோடு ஓடிப்போய் அந்த ஓட்டைக்குள்ளால் தலையை நீட்டியிருந்தால் போதும். அல்லது வேனில் இருந்த யாராவது ஒருவர் இறங்கிப் படலையைத் தட்டியிருந்தால் போதும். எத்தனை பேர் இருந்தார்கள் அந்த வேனில்!

அசர் தொழுதுவிட்டு வாப்பா சைக்கிளை எடுத்தார். நான் முன் பாரில் இருந்தேன். கஞ்சி போட்ட கவுன் காற்றில் மொடமொடவென்று அடித்தது. போகிற வழியெல்லாம் மனத்துக்குள் செங்கதிரோனை நீராட்டிக்கொண்டே போனேன். பள்ளிக்கூடத்து விறாந்தையில் நாலு ஆடு படுத்திருந்தது. காவல் இருக்கிற வொச்சர் தென்னை மரத்துக்குக் கீழே இருந்து பீடி சுற்றிக்கொண்டிருந்தார்.

"வேன் இன்னும் வரல்லயா?" என்று வாப்பா கேட்டார்.

வொச்சர் எங்களைப் பார்த்த பார்வை எனக்கு இப்போதும் தெரிகிறது. "வேனா? அது ரெண்டு மணிக்கே போயிட்டே. உங்கட புள்ளயத்தான் பாத்துப் பாத்து நிண்டாங்க."

வாப்பா சைக்கிளைத் திருப்பினார். வரும்போது மிதித்த மாதிரி இல்லை, பல்லைக் கடித்துக்கொண்டு மிதித்தார். காற்று எதிரே அடித்தது. வழியில் எங்கேயோ என் வலது கால் சப்பாத்து கழன்று விழுந்துவிட்டது. விழுந்தது எனக்குத் தெரியும். நிறுத்துங்க வாப்பா என்று சொல்ல வாய் வரவில்லை. பிறகு போய்த் தேடினோம். அதற்குள் மண் மூடிவிட்டதோ, யாரும் எடுத்துக்கொண்டு போனார்களோ. மற்றச் சப்பாத்து வெகுகாலம் எங்கள் அலுமாரிக்கு மேலே தனியாகக் கிடந்தது. சாச்சாவின் மகள் இன்றைக்கும் கலியாண வீடுகளில் என்னைக் கண்டால் என் காலைத்தான் முதலில் பார்ப்பாள்.

வீட்டுக்கு வந்ததும் உம்மா என் முதுகில் ஒன்று வைத்தா. "நேரத்தக் கேட்டுட்டு வரத் தெரியாதா ஒனக்கு? வாய் மட்டும் எட்டு ஊருக்குக் கேக்குது!"

நான் என்ன பிழை செய்தேன் என்று சொல்லுங்கள். பெரியவர் ஒரு சொல் சொன்னார். அதைப் பத்திரமாகக் கொண்டுவந்து இன்னும் இரண்டு பெரியவர்களிடம் கொடுத்தேன். கொடுத்தவருக்கும் வாங்கியவர்களுக்கும் தங்கள் தங்கள் அர்த்தம் தெரிந்திருந்தது. அடி எனக்கு.

திங்கட்கிழமை வாப்பா தோட்டத்துக்குப் போகவில்லை. என்னை இழுத்துக்கொண்டு பள்ளிக்கூடத்துக்கு வந்தார். அதிபரின் அறை. அதிபர் நடுவில், சேர் ஒரு பக்கம், வாப்பா மறுபக்கம், நான் கதவடியில்.

"நான் பின்னேரம் எண்டு தெளிவாச் சொன்னனான்" என்றார் சேர்.

"நாங்களும் பின்னேரம்தானே வந்த" என்றார் வாப்பா.

"நாலு மணிக்கு வந்தா எப்பிடி நானா? போட்டியே நாலு மணிக்குத்தானே!" எங்கள் ஊரில் அண்ணனை நானா என்பதைச் சேர் அதற்குள் பழகியிருந்தார்.

"அப்ப மத்தியானம் எண்டு சொல்லியிரிக்கணும்."

"மத்தியானம் எண்டா பன்ரண்டு மணி. சாப்பாடு முடிஞ்சாப் பிறகு பின்னேரம் தானே?"

"யார் சொன்ன? அசர் வராம எப்பிடிப் பின்னேரம் வரும்?"

அதிபர் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். தன் வீட்டில் நாலு மணித் தேத்தண்ணீரோடுதான் பின்னேரம் தொடங்கும், ஆனால் தன் மனைவி மூன்று மணிக்கே தொடங்கிவிடுவா என்று அவர் தன் பங்குக்கு ஒன்றைச் சொன்னார். அரைமணி நேரம் இப்படியே போனது. அந்த அரைமணியில் ஒருவராவது என் பக்கம் திரும்பி, "மகள், ஒனக்குக் கவலையா?" என்று கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

பிறகு அது ஊருக்குள் இறங்கியது. தேத்தண்ணீர்க் கடையில் ஒரு கிழமைக்கு வேறு கதை இல்லை. கரைவலைக்காரர், வலை இழுத்துப் பங்கு பிரித்து முடிந்த பிறகுதான் பின்னேரம், அது இரவு பத்து மணியானாலும் சரி என்றார்கள். சிங்களம் பேசுகிற பஸ் டிரைவர் தங்கள் பின்னேரமான 'ஹவஸ' இரண்டு மணிக்கே வந்துவிடும் என்று சேரின் பக்கம் நின்றார். அதற்காகவே நாலு பேர் அவரோடு கோபித்துக்கொண்டார்கள். கடைசியில் அதிபர் இனிமேல் பள்ளிக்கூட அறிவித்தல் எல்லாவற்றிலும் மணி போட்டே எழுத வேண்டும் என்று சட்டம் போட்டார். அடுத்த பெற்றோர் கூட்டத்துக்கு 'பி.ப. 2.00' என்று பலகையில் எழுதினார்கள். எங்கள் சாச்சா அதை எழுத்துக்கூட்டி வாசித்துவிட்டு, "பி.ப. எண்டா பின்னேரப் பக்கம் போல" என்று சொல்லி அசர் தொழுதுவிட்டுத்தான் போனார்.

இதற்கிடையில் பெரிய விசயம் நடந்து முடிந்திருந்தது. போட்டியில் எங்கள் பள்ளிக்கூடத்துக்கு முதலாம் இடம். நான் வராததால் துணைக்குப் போன மோதினாரின் மகளைச் சேர் மேடையில் ஏற்றியிருக்கிறார். காலைக் கூட்டத்தில் அவளை முன்னுக்கு அழைத்து, கப்பல் படம் போட்ட ஒரு தகரப் பென்சில் பெட்டியைக் கொடுத்தார்கள். சேரின் முகத்தைப் பார்க்க வேண்டும். தானே எழுதி, தானே பேசி, தானே வென்ற மாதிரி நின்றார். நான் வரிசையில் நின்று கை தட்டவில்லை.

என் பேச்சு. நான் இரண்டு மாதம் வாயில் வைத்திருந்த பேச்சு. அதை அவளே எனக்குப் பிழை பார்த்துப் பார்த்துப் பாடமாக்கி வைத்திருந்து, போய்ச் சொல்லி, பெட்டி வாங்கிக்கொண்டு வந்திருக்கிறாள். அவளோடு கதைப்பதை நிறுத்தினேன். அவள் தெருவின் இந்தப் பக்கம் வந்தால் நான் அந்தப் பக்கம் போவேன். அவள் நின்றால் நான் நடப்பேன். ஒரு மாதத்துக்கு மேல் அப்படிப் போனது.

ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்ஆவுக்கு ஆம்பிளைகள் எல்லாரும் போயிருந்த நேரம், அவள் எங்கள் கிணற்றடிக்கு வந்து நின்றாள். கையில் அந்தப் பெட்டி.

"இத நீ வச்சிக்க."

"எனக்கு வேணாம். என்ட பேச்சத் திருடினவள்ட பெட்டி."

"நான் ஒன்ட பேச்சச் சொல்லல்லடி."

நான் வாளியைக் கீழே வைத்தேன்.

அவள் எல்லாவற்றையும் அப்போதுதான் சொன்னாள். மேடையில் ஏறியவுடன் இரண்டு வரி வந்ததாம். செங்கதிரோன் கடலில் இறங்கும்வரை சரி. பிறகு ஒன்றும் வரவில்லை. கீழே சேர் வாயை அசைத்து அசைத்துக் காட்டுகிறார், அதுவும் விளங்கவில்லை. நடுவர்மாரில் ஒருவர், ஒரு வயதுபோன மனுசி, "பரவாயில்ல மகள், தெரிஞ்சதச் சொல்லுங்க" என்றாராம்.

"என்ன சொன்ன?"

"எங்கட பின்னேரத்தச் சொன்னேன்."

"பின்னேரம் எண்டா சொன்ன? மேடையிலயா?"

"வேற என்ன சொல்றது?"

அதைச் சொல்லிக்காட்டு என்றேன். கோபத்தோடுதான் கேட்டேன். அவள் கிணற்றுக் கட்டைப் பிடித்துக்கொண்டு, அதே சின்னக் குரலில் சொன்னாள்.

"பின்னேரம் எண்டா எங்கட ஊர்ல மண் சூடு ஆறுற நேரம். அதுக்குப் பொறகுதான் செருப்பில்லாத புள்ளைகளுக்கு வெளிய போகேலும். காத்து கொஞ்சம் அடங்கும். அப்ப தூரத்துல கதைக்கிறது எல்லாம் கேக்கும். உம்மா விளக்குச் சிமினியத் துணியால துடைப்பா, உள்ள கை போகாது, என்னத்தான் கூப்பிடுவா, என்ட கை சின்னம். வாப்பா பாங்கு சொல்ல முந்தித் தொண்டையச் செருமுவார். ஊருக்கெல்லாம் பாங்கு கேட்டாத்தான் மஃரிபு. எனக்கு அந்தச் செருமல் கேட்டா மஃரிபு. அதுக்கு முந்தி நான் வீட்ட இரிக்கணும்."

இன்னும் கொஞ்சம் இருந்தது. மறந்துவிட்டேன். அல்லது அவள் அவ்வளவுதான் சொன்னாளோ தெரியாது. நான் என்ன சொன்னேன் தெரியுமா? நல்லாயிருக்கு என்று சொல்லவில்லை. "அதுல மாலை எண்ட சொல்லே வரல்லயே, தலைப்பே அதுதானே" என்றேன். அவள் முகம் சுருங்கியது. பெட்டியைக் கிணற்றுக் கட்டில் வைத்துவிட்டுத் திரும்பினாள்.

நான் போயிருந்தால் சேரின் இரண்டு பக்கத்தையும் ஒரு எழுத்துப் பிசகாமல் பெரிய குரலில் சொல்லியிருப்பேன், மாடத்து விளக்கையும் ஏற்றியிருப்பேன். அந்த மனுசி கொட்டாவி விட்டிருப்பா. நான் தோற்றிருப்பேன். இது எனக்கு அன்றைக்கே அந்தக் கிணற்றடியில் விளங்கிவிட்டது. விளங்கியதால் கோபம் இன்னும் கூடியது. யாரோடு கோபிப்பது என்றுதான் தெரியவில்லை.

படலைவரை போனவளை மறித்துக் கேட்டேன். "ஒனக்கு ரெண்டு மணி எண்டு எப்பிடித் தெரியும்?"

"நான் சேரக் கேட்டேனே, லுஹருக்குப் பொறகா, அசருக்குப் பொறகா எண்டு. லுஹர் எண்டா என்ன பிள்ளை எண்டார். சொன்னேன். அப்ப லுஹருக்குப் பிறகு, சாப்பிட்டிட்டு உடன வா எண்டார். நீயும் கேட்டிருப்பாய் எண்டு நினைச்சேன்."

"வீட்டடியால போகக்குள்ள ஏன் நிப்பாட்டல்ல?"

அவள் தயங்கினாள். "டீச்சர் நிப்பாட்டச் சொன்னா. சேர்தான் வேணாம் எண்டார். 'தேப்பனுக்கு விருப்பமில்லைப் போல, அதான் பிள்ளைய மறிச்சுப் போட்டார். போய் நிண்டா அந்த மனிசனுக்கு முகம் குடுக்கேலாமப் போகும். ஒருக்கா ஹோர்ன் மட்டும் அடி' எண்டார்."

அப்படித்தான் அது. வாப்பாவின் முகத்தைப் பார்த்துச் சேர் ஒரு கணக்குப் போட்டிருக்கிறார். வாப்பாவோ, வெளியூர்ச் சேர் வேண்டுமென்றே தன் பிள்ளையை விட்டுவிட்டுப் போனார் என்று ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தார். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பிழையாக விளங்கிக்கொண்டு, பழியைச் சொல்லின் தலையில் போட்டுக்கொண்டார்கள். உண்மை என்ன என்று ஊரில் முழுசாகத் தெரிந்த ஆள் நான் ஒருத்திதான். வாப்பாவிடம் போய் ஒரு வசனம் சொல்லியிருந்தால் எல்லாம் முடிந்திருக்கும். நான் சொல்லவில்லை. என்னை யாரும் கேட்கவில்லைத்தானே, கிடக்கட்டும் என்று இருந்துவிட்டேன். பதினொரு வயதுப் பிள்ளைக்கு இத்தனை வன்மம் எங்கிருந்து வந்ததோ.

வருசக் கடைசியில் சேருக்கு இடமாற்றம் வந்தது. போகிற அன்றைக்குக் காலையில் உடுப்பு அடுக்கிய தகரப் பெட்டியோடு எங்கள் படலையடியில் வந்து நின்றார். பஸ் எங்கள் வீட்டுக்கு முன்னால்தான் நிற்கும். வாப்பா வெளியே வந்தார். ஐந்து மாதமாக இரண்டு பேரும் முகம் பார்த்ததில்லை.

"போறன் நானா."

"தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்க."

நின்றபடியே குடித்தார். வாப்பா உள்ளே போய் ஒரு பை நிறைய வெங்காயம் கட்டிக்கொண்டு வந்தார். மீன் தின்னாத மனிதருக்கு வேறு எதைக் கொடுப்பது? சேர் பையை வாங்கிக்கொண்டு, என்னைப் பார்த்துச் சொன்னார். "பிள்ளை, அண்டைக்கு நான் வேன நிப்பாட்டியிருக்க வேணும். வாப்பாவுக்கு விருப்பமில்லை எண்டு நினைச்சுப்போட்டன். குறை நினைக்காத."

வாப்பா தலையை நிமிர்த்தினார். "எனக்கா? எனக்கு விருப்பமில்லயா?"

"உங்கட முகத்தப் பாத்து..."

"சேர், நான் பஸ்ஸுல பின்னால வாறத்துக்கு இரிந்தேன். புதுச் சாரன், சட்டை எல்லாம் எடுத்து வச்சிரிந்தேன். இவக்குத் தெரிஞ்சா மேடையில பயந்திருவா எண்டு உம்மாக்குக்கூடச் சொல்லல்ல. கடைசி வரிசை வாங்குல இரிந்து கேட்டுட்டு முந்தி வந்திரலாம் எண்டு."

எனக்கு அது தெரியாது. அந்தக் கணம்வரை தெரியாது. தெருவில் காற்று இல்லை. எதிரில் தென்னோலைகள் அசையாமல் நின்றன.

"அப்ப இப்ப சொல்லட்டும் நானா" என்றார் சேர். "பஸ் வர நேரம் கிடக்கு. பிள்ளை, சொல்லு பாப்பம். மாலைப் பொழுது."

வாப்பா என்னைப் பார்த்தார். சாரனை ஒரு தரம் இறுக்கிக் கட்டினார். கேட்பதற்கு ஆயத்தமாக நின்றார்.

"மறந்து போச்சு" என்றேன்.

"ஒரு வரியாவது?"

"எல்லாம் மறந்து போச்சு சேர்."

பஸ் வந்தது. வாப்பா பெட்டியைத் தூக்கி மேலே ஏற்றினார். சேர் ஜன்னலால் கையை நீட்ட, வாப்பா அதைப் பிடித்துக்கொண்டே பஸ்ஸோடு நாலு அடி நடந்தார். பிறகு சேர் எங்கே போனார், நாடு கெட்டுப்போன வருசங்களில் எங்கே இருந்தார் என்று எங்களுக்குத் தெரியாது.

வாப்பா அதற்குப் பிறகு இருபத்தைந்து வருசத்துக்கு மேல் இருந்தார். அவர் கேட்க நான் எந்த மேடையிலும் ஏறவில்லை. ஏறச் சொல்லி அவர் கேட்கவும் இல்லை, அவர் அப்படிக் கேட்கிற மனிதர் இல்லை. அன்றைக்கு மட்டும், சேர் போன பிறகு, தோட்டத்துக்கு இறங்குகிற இடத்தில் மண்வெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு ஒரு தரம் திரும்பினார்.

"உண்மையா மறந்திட்டாயா மகள்?"

"ஓம் வாப்பா" என்றேன்.

ஒரு வரிகூட மறந்திருக்கவில்லை.